தவிட்டுக்கும் பித்தநீருக்கும் என்ன தொடர்பு?

"முழுத் தானியம் இதயத்துக்கு நல்லது என்பதற்கு நார்ச்சத்துதான் காரணம் என்றால், தீட்டிய மாவில் நார்ச்சத்துப் பொடியைக் கலந்து சாப்பிட்டால் போதாதா?" என்று அறுபது வயதைக் கடந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மிகவும் கூர்மையான கேள்வி இது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1986-ஆம் ஆண்டு, ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யப்பட்டு, அஞ்சலில் வந்த வினாத்தாளை நிரப்பி அனுப்பிய 55 முதல் 69 வயது வரையிலான 41,836 பெண்களைக் கொண்டு ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கியது. அவர்களுள் மாதவிடாய் நின்றுவிட்ட, இதய நோய் இல்லாத 34,492 பேரைப் பற்றிய முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. 1994 வரை அவர்களில் 438 பேர் மாரடைப்பு முதலான இதய நாள நோய்களால் இறந்திருந்தனர். முழுத் தானியத்தை மிகுதியாக உண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் அத்தகைய மரண வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. புகைப்பழக்கம், உடற்பயிற்சி போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நீடித்தது. புற்றுநோயை ஆராயத் தொடங்கிய ஒரு திட்டம் இதயத்தைப் பற்றியும் இவ்வளவு சொல்ல முடிந்தது, பல்லாண்டுகள் நிதி தொடர்ந்து கிடைத்ததால்தான். மூன்றாண்டுக்குள் விளைவு காட்டச் சொல்லும் நிதி முறையில் இத்தகைய அறிவு பிறக்காது என்பது என் உறுதியான கருத்து.

இனி, உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு, பித்தநீரில் உள்ள பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. அவை சிறுகுடலில் இறங்கி, கொழுப்பைச் செரிக்கத் துணைபுரிந்து, குடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே மீண்டும் கல்லீரலுக்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 சதவீதம் திரும்பிவிடும். நாளொன்றுக்குப் பலமுறை நிகழும் இந்தச் சுற்றில், உடல் காட்டும் சிக்கனம் வியக்கத்தக்கது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா-குளுக்கான் என்னும் நார்ப்பொருள் அந்தச் சிக்கனத்தைக் கலைக்கிறது. அது குடலில் நீரை ஈர்த்துக் கெட்டியான கஞ்சிபோல் கொழகொழப்பாகி, பித்த அமிலங்களில் ஒரு பகுதியைச் சிக்கவைத்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இழந்ததை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். எனவே கல்லீரல் தன் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகள் என்னும் பிடிப்பான்களைப் பெருக்கி, இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனும் இதே ஏற்பிகளைப் பெருக்கும் தன்மை உடையது. மாதவிடாய் நின்றபின் அந்த ஹார்மோன் குறைய, ஏற்பிகளும் குறைந்து, பெண்களின் எல்டிஎல் அளவு உயர்கிறது. அப்படியானால் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, ஹார்மோன் கைவிட்ட வேலையில் ஒரு சிறு பங்கை வேறொரு வாசல் வழியாகச் செய்கிறது! இந்த ஒற்றுமையை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

பித்த அமிலத்தைப் பொறுத்தவரை, கொழகொழப்பாகும் இசப்கோல் போன்ற பொடியும் இதே வழியில் எல்டிஎல்லைக் குறைக்கும். ஆனால் எல்லா நாரும் கூழாவதில்லை. கோதுமைத் தவிட்டின் நார் பெரும்பாலும் நீரில் கரையாதது. மேலும், அதே அயோவா பெண்களில் தானிய நார்ச்சத்தை ஏறத்தாழ ஒரே அளவில் உண்ட 11,040 பேரை 2000-இல் ஒப்பிட்டபோது, அந்த நாரைப் பெரும்பாலும் முழுத் தானியத்திலிருந்து பெற்றவர்களிடையே மொத்த இறப்பு விகிதம், தீட்டிய தானியத்திலிருந்து பெற்றவர்களைவிட 17 சதவீதம் குறைவாக இருந்தது. தானியத்தைத் தீட்டும்போது நாரோடு சேர்ந்து மக்னீசியமும், வைட்டமின் ஈ-யும், தவிட்டிலும் தானியத்தின் கருவான முளையிலும் உள்ள வேறு பல தாவரப் பொருள்களும் போய்விடுகின்றன. இவற்றில் எது எவ்வளவு உதவுகிறது என்பதை இத்தகைய கண்காணிப்பு ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் நாரை மட்டும் பொடியாகத் திருப்பிச் சேர்ப்பது, தவிட்டையும் முளையையும் திருப்பிச் சேர்ப்பதாகாது.