தற்பயிற்றல்: ‘செல்ஃப் கோச்சிங்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

ரயிலில் நாம் ஏறும் பெட்டிக்கும் கோச் என்று பெயர். கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தருபவருக்கும் கோச் என்று பெயர். ஒலியில் மட்டும் ஒன்றாக அமைந்த இரண்டு சொற்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டும் ஒரே சொல்.

ஹங்கேரியில் கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் பேர்பெற்றவை. பத்தமடைப் பாய் என்று நாம் சொல்வதுபோல, ‘கோச்சி செகேர்’, அதாவது கோச் ஊர் வண்டி என்றே அவற்றை அழைத்தார்கள். ஊரின் பெயரே வண்டியின் பெயராகி ஜெர்மன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரைசேர்த்த தனி ஆசிரியரைப் பேச்சுவழக்கில் கோச் என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்பது பொருள். 1860களில் அது விளையாட்டுக்கும் பரவியது. டிரெயினிங் என்ற சொல்லின் வேரும் இழுத்தல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்தான்.

ஆக, இரண்டிலும் ஒருவர் இழுக்க இன்னொருவர் போகிறார். தன்னை மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இந்த உருவகம் பொருந்தவில்லை. வண்டியும் பயணியும் ஒருவரே என்றால் யார் யாரை இழுப்பது?

தமிழ் வேர் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. பயில் என்ற வினைக்குப் பழகுதல், திரும்பத் திரும்ப நெருங்குதல் என்று பொருள். ‘பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்னும் குறளில் வருவது இந்தப் பொருள்தான். துயில் என்பதிலிருந்து துயிற்று பிறப்பதுபோல, பயில் என்பதிலிருந்து பயிற்று பிறக்கிறது: பழகச் செய்தல்.

பயிற்சி என்ற சொல்லில்தான் ஒரு குழப்பம். பயிற்சி மருத்துவர் கற்றுக்கொள்பவர், பயிற்சியாளரோ கற்றுத்தருபவர். சொல் ஒன்று, திசை இரண்டு. இலங்கைப் பத்திரிகைகள் பயிற்றுவிப்பாளர் என்று எழுதுவதில் இந்தக் குழப்பம் இல்லை. பயிற்றுநர் என்பது இன்னும் சுருக்கமானது. என் விருப்பமும் அதுவே. ‘சுயபயிற்சி’ என்று எழுதினால், ஆசிரியர் இல்லாமல் தட்டச்சு கற்பதையும் அது குறித்துவிடும். தன்னைத் தானே கேள்வி கேட்டு, கவனித்து, திருத்துகிற வேலைக்குத் தற்பயிற்றல் என்பதே சரியான சொல். தற்காப்பு, தற்சார்பு போல இதுவும் இயல்பாகப் புணர்கிறது.

அந்த வேலை எப்படி இருக்கும்? மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது குரலை உயர்த்திவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. ‘இனிக் கோபப்பட மாட்டேன்’ என்று ஒரு நோட்டில் தினமும் எழுதினேன், பயன் இல்லை. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் விசாரிப்பதுபோல எழுதத் தொடங்கினேன்: ‘நேற்று எத்தனை மணிக்குக் கத்தினாய்? அதற்குமுன் என்ன செய்துகொண்டிருந்தாய்?’ ஒரு வாரத்துப் பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லாமே இரவு எட்டரைக்கு மேல், சாப்பாட்டுக்கு முன். கணக்கைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். குரல் வெகுவாகத் தணிந்தது. அவளும் இப்போது தப்பாகப் போட்ட கணக்கை மறைக்காமல் காட்டுகிறாள்.

‘நான்’ என்பது ‘நீ’ என்று மாறியதில் ஏதோ இருக்கிறது. உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: தன்னைப் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ அழைத்துப் பேசிக்கொண்டவர்கள், நெருக்கடியான வேளையைக் குறைந்த பதற்றத்தோடு எதிர்கொண்டார்கள். டென்னிஸ் பயிற்றுநர் டிமோத்தி கால்வே 1974இலேயே, ஆட்டக்காரருக்குள் கட்டளையிடுபவர் ஒருவரும் ஆடுபவர் ஒருவருமாக இருவர் இருக்கிறார்கள் என்று எழுதினார்.

நமக்கு இது புதிதல்ல. தன் நெஞ்சோடு பேசுவதற்கென்றே குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. பிரிவில் வாடும் தலைவி அதன் தொடக்கத்தில் ‘நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே’ என்கிறாள். நோய் தீர்க்கும் மருந்தை யோசித்துச் சொல் என்று தன் நெஞ்சையே கேட்கிறாள். கேட்பவளும் அவள், சொல்ல வேண்டியவளும் அவள். காதல் துயரில் எழுந்த வரிதான். ஆனாலும் தற்பயிற்றலின் முதல் கேள்வியாக இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியவில்லை.

பெயர்ச்சொல்லாக நூல் தலைப்பிலும் கட்டுரையிலும் தற்பயிற்றல் என்று எழுதலாம். வாக்கியத்தில் வினையாக வரும்போது ‘தன்’ கூடத் தேவையில்லை. ‘விடியற்காலையில் எழத் தன்னைப் பயிற்றினான்’ என்பதைக் காட்டிலும் ‘எழப் பயிற்றிக்கொண்டான்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. தனக்காகத் தானே செய்தல் என்ற பொருளை அந்தக் ‘கொள்’ தாங்கிக்கொள்கிறது.