எக்லேர்: மின்னல் பெயரும் முட்டைக்கோஸ் மாவும்

எக்லேர்ஸ் என்றால் தமிழ்நாட்டில் டாஃபி. பெட்டிக்கடை ஜாடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றால் நடுவிலிருந்து சாக்லேட் வருமே, அது. ஆனால் அந்தப் பெயர் முதலில் ஒரு பிரெஞ்சுப் பலகாரத்துக்கு உரியது. நீளவாக்கில் பிழிந்து ஓவனில் சுட்ட, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கூடு. அதற்குள் கெட்டியான கிரீம். மேலே சாக்லேட்டோ காபியோ கலந்த பளபளப்பான பூச்சு. டாஃபிக்கும் இதற்கும் உள்ள ஒரே ஒற்றுமை, இரண்டுமே வயிற்றுக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருப்பதுதான்.

பிறந்தநாளுக்கு வழக்கமான கேக்கை விட்டுவிட்டு இதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று கிளம்பினால், முதலில் வழிமறிப்பவை பெயர்கள். எக்லேர், ஷூ, ப்ரோஃபிட்ரோல், கிரீம் பஃப்... எல்லாம் ஒரே மாவுதான். போதாததற்கு நம் ஊர் பேக்கரியில் பஃப்ஸ் என்பது முட்டையோ காய்கறியோ வைத்த, அடுக்கடுக்காக உதிரும் வேறு சங்கதி. பேஸ்ட்ரி என்று கேட்டாலோ கிரீம் கேக்கில் ஒரு துண்டைத் தருகிறார்கள். பேஸ்ட்ரிக்கு மூலம் 'பேஸ்ட்', அதாவது பிசைந்த மாவு. பாஸ்தாவும் அதே வேரில் வந்ததுதான்.

எக்லேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மின்னல் என்று பொருள். லத்தீனில் 'கிளாருஸ்' என்றால் ஒளியுள்ளது, தெளிவானது. ஆங்கிலத்தின் 'கிளியர்' அந்த வழியில் வந்த உறவுதான். பலகாரத்துக்கு ஏன் மின்னல் என்று பெயர்? மேல்பூச்சு பளிச்சென்று மின்னுவதால் என்பது ஒரு விளக்கம். மின்னல் வேகத்தில் தின்று தீர்த்துவிடுவதால் என்பது இன்னொன்று. சேம்பர்ஸ் ஆங்கில அகராதி இரண்டாவதன் பக்கம். உருவத்தில் நீண்டது, ஆனால் நீண்ட நேரம் தாங்காதது என்று குறும்பாகப் பொருள் எழுதிய அகராதி அது. மின்னல் பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இதே வகைப் பலகாரத்தை 'சீமாட்டி ரொட்டி' என்ற பொருளில் அழைத்திருக்கிறார்கள். 1860களில் எக்லேர் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது.

மாவின் பெயர்தான் இன்னும் சுவாரசியம். 'பாத் ஆ ஷூ' என்பார்கள். பாத் என்றால் மாவு, ஷூ என்றால் முட்டைக்கோஸ். உருண்டையாகப் பிழிந்து சுட்டால் மேலே வெடித்து, சுருக்கம் விழுந்து, அசல் குட்டி முட்டைக்கோஸாகத்தான் எழும். 'சூடான மாவு' என்ற பொருள் தரும் 'பாத் ஆ ஷோ' மருவி ஷூ ஆயிற்று என்றும் சொல்வதுண்டு. இத்தாலியிலிருந்து பிரெஞ்சு இளவரசனை மணக்க 1533இல் வந்த கத்தரீன் தெ மெதிசியின் சமையல்காரர் கண்டுபிடித்த மாவு என்ற கதையும் இதோடு சேர்ந்தே வரும். அந்த அரசியின் தலையில் பிரெஞ்சுச் சமையலில் பாதியைக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. வரலாற்று ஆய்வாளர்கள் அதையெல்லாம் நம்புவதில்லை. எனக்கு முட்டைக்கோஸ் விளக்கமே போதும்.

இந்த ஷூவுக்கு மூலம் லத்தீனின் 'காலிஸ்', அதாவது தண்டு, கோஸ். காலிஃப்ளவரின் முதல் பாதியும் அதுவே. போர்த்துக்கீசியத்தில் அது 'கோவ்' ஆனது. இலங்கைத் தமிழர் முட்டைக்கோஸைக் கோவா என்கிறார்களே, அது இந்தப் போர்த்துக்கீசியச் சொல்தான். ஆக, யாழ்ப்பாணத்துச் சந்தையின் கோவாவும் பாரிஸ் பேக்கரியின் ஷூவும் ஒரு வேரின் இரண்டு கிளைகள்.

பெயர் போன இடமெல்லாம் வேடிக்கை. ஜெர்மானியர் இந்த உருண்டையைக் 'காற்றுப் பை' என்கிறார்கள். இந்தோனேசியாவில் டச்சுக்காரர் வழியாகப் போய் 'குவே சுஸ்' ஆனது. ஜப்பானியர் 'ஷூ குரீமு' என்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த காதுக்கு அது செருப்புக்குப் போடும் பாலிஷ் போலக் கேட்கும்.

பிரான்சில் குடும்ப விசேஷம் என்றால் இந்த உருண்டைகள் கோபுரமாக எழும். திருமணம், ஞானஸ்நானம், முதல் நற்கருணை ஆகியவற்றுக்கு கிரீம் அடைத்த உருண்டைகளைக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கூம்பாக அடுக்குவார்கள். பெயர் க்ரோக்கம்பூஷ், வாயில் மொறுமொறுப்பது என்று அர்த்தம். இப்படிப்பட்ட கட்டட வேலைகளுக்குப் பேர்போனவர் பிரெஞ்சுச் சமையல் கலைஞர் அந்தோனின் கரேம் (1784–1833).

சரி, தமிழில் என்ன சொல்வது? மின்னல் அப்பம், இடிமின்னல் பணியாரம் என்றெல்லாம் போவதில் எனக்குச் சம்மதமில்லை. எக்லேர் ஒரு பலகாரத்தின் பெயர். ஜிலேபி, அல்வா மாதிரி அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைச் செய்யும் வேலைக்கும் அதன் உறுப்புகளுக்கும் இரவல் சொல் எதற்கு?

மாவைப் பாருங்கள். 250 மி.லி. தண்ணீரில் 100 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, 150 கிராம் மைதாவை மொத்தமாகக் கொட்டிக் கிளறுகிறோம். மாவு திரண்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதனால் ஷூ மாவைக் 'கிளறுமாவு' என்று சொல்லலாம். மாவை முன்கூட்டியே வேகவைப்பதில் காரணம் இருக்கிறது. சூட்டில் ஸ்டார்ச் நிறையத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறியபின் 4 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மாவு முக்கோணமாகத் தொங்கி மெல்ல விழுவதுதான் பதம். நான்காவது முட்டை முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். பதத்தைப் பார்த்துத்தான் விட வேண்டும். பேக்கிங் பவுடர் கிடையாது. 200 டிகிரி ஓவனில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு. அந்த ஆவிதான் மாவை ஊதி எழுப்புகிறது, முட்டை அதைச் சுற்றிக் கூடாக இறுகுகிறது. இறுகுவதற்குள் ஆசைப்பட்டுக் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும். 15 நிமிடத்துக்குப் பிறகு 180 டிகிரிக்குக் குறைத்து, நன்றாகப் பொன்னிறமாகும்வரை விட்டு, வெளியே எடுத்ததும் அடியில் ஒரு துளை போட்டு ஆவியை வெளியேற்ற வேண்டும்.

உள்ளே வைப்பதற்குத்தான் பூரணம் என்ற சொல் ஆண்டாண்டாக இருக்கிறதே. அது வடசொல் என்று தயங்குவோர் உள்ளீடு எனலாம். கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டாலும், உள்ளீடற்ற கூடு என்று எழுதும்போது பழைய பொருள் தானாக வந்துவிடுகிறது.

கிரீமுக்குப் பாலேடு என்பது நல்ல சொல். ஆனால் இங்கே பொருந்தாது. எக்லேரின் உள்ளே பெரும்பாலும் இருப்பது பாலேடே அல்ல, பாலும் முட்டை மஞ்சள் கருவும் சோளமாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட். 500 மி.லி. பாலுக்கு 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் சோளமாவு. இதைப் பாற்கூழ் என்றால் பதமும் விளங்கும். கெட்டியானதும் இறக்கிவிடாமல், கிளறிக்கொண்டே ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். மஞ்சள் கருவிலுள்ள அமைலேஸ் என்ற நொதி உயிரோடிருந்தால் ஸ்டார்ச்சைக் கரைத்து, ஆறியபின் கூழை நீர்த்துப்போகச் செய்யும். பாலேட்டை அடித்து நுரைத்துச் சேர்ப்பதும் உண்டு. அதை மட்டும் பாலேட்டுப் பூரணம் என்போம்.

பைப்பிங் என்பதற்குப் பிழிதல். கிளேஸ் என்பதற்கு மேல்பூச்சு. கூடு ஈரம் இழுத்துத் தொய்ந்துபோவதற்கு நமுத்துப்போதல் என்ற அருமையான சொல் இருக்கிறது. விசேஷ நாளில் நினைவில் வைக்க வேண்டியதும் அதுதான். கூடுகளை முதல் நாளே சுட்டு மூடி வைக்கலாம், கூழையும் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் காலையிலேயே நிரப்பிவிட்டால் விருந்தினர் வரும் மாலைக்குள் எல்லாம் நமுத்துவிடும். கூடுகளை 160 டிகிரியில் 5 நிமிடம் சூடுகாட்டி, ஆறவிட்டு, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பூரணம் நிரப்பினால் போதும்.