வலவன் ஏவா வான ஊர்தியில் யார் ஏறினார்கள்?

கொடைக்கானலில் தமிழாசிரியராக இருக்கும் எனக்கு, பேச்சுப் போட்டிக் காலம் வந்தாலே ஒரு சொற்றொடரைத் திருத்தும் வேலை வந்துவிடும். இம்முறை பூம்பாறையிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் கொண்டுவந்த தாளில், வாட்ஸ்அப்பில் வந்தபடியே, ‘வலவன் ஏவா வான ஊர்தி என்னும் ஆளில்லா விண்கலத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் ஓட்டினான்’ என்றிருந்தது. ஆளில்லாததை ஓட்டியவர் யார் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

சொற்றொடர் உண்மையானதுதான். புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் சொல்வது அது. வலவன் என்பவன் தேர்ப்பாகன். அகப்பாடல்களில் வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்தச் சொல்வது இவனிடம்தான். ஆகவே பாகன் செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தி என்பது நேர்ப்பொருள். ஆனால் அதை அடைபவர்கள், புலவர் பாடும் புகழுடையவர்கள், தாம் செய்யவேண்டியதைச் செய்து முடித்து உலகை நீத்த பின்னர். அதையும் புலவர் ‘என்ப’ என்று, பிறர் சொல்வதாகவே சொல்கிறார். மறுமை பற்றிய நம்பிக்கையைக் காட்டி, வறுமையோடு வருவோர்க்கு அருள் செய் என்று அரசனுக்கு அறிவுறுத்தும் பாடலில் பொறியியலைத் தேடுவது புலவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விண்வெளி வீரரைக் குறிக்கும் ‘அஸ்ட்ரோநாட்’ என்ற ஆங்கிலச் சொல் கிரேக்க வேர்களால் ஆனது. விண்மீன் மாலுமி என்று பொருள்படும். ரஷ்ய விண்வெளி வீரரைக் குறிக்கும் ‘காஸ்மோநாட்’ அண்ட மாலுமி. அதனால் பழைய கிரேக்கர் விண்ணில் கப்பல் விட்டனர் என்று எவரும் வாதிடுவதில்லை.

எனக்குள்ள குறை வேறு. தேய்தலும் பெருகலும் மாய்தலும் பிறத்தலும் உண்மை என்பதை, அறியாதவரும் அறியக் காட்டியபடி திங்கள் திரிகிறது என்று அதே பாடலில் சற்றுப் பின்னர் வருகிறது. வானத்தை உள்ளபடி பார்த்துச் சொன்ன அந்த வரியைப் பகிர்வோர் யாரும் தொடுவதில்லை. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவரும் ஆய்வகத்தைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, பார்த்துக் குறித்துவைப்பதன் அருமையைச் சொல்ல அதைவிட நல்ல வரி கிடைக்காது.

மாணவன் ‘ஓட்டினான்’ என்பதைப் பென்சிலால் அடித்தான். “அப்ப நிலா வரியை முதல்ல வச்சுக்கவா, ஐயா?” என்றான்.