முனைய வகை: அறியப்படாததா, வரையறை இல்லாததா?

தொலைவிலுள்ள கணினி ஒன்றில் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ என்ற கட்டளையை இடுகிறோம். பட்டியல் வர வேண்டிய இடத்தில் ஒற்றை வரியில் மறுப்பு வருகிறது: அன்னோன் டெர்மினல் டைப் (unknown terminal type). இதை ‘அறியப்படாத இறுதி வகை’ என்று தமிழாக்கியிருப்பதை மூன்றாம் முறையாகப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டையும் இயந்திரத்தின் வேலை என்று விட்டுவிட்டேன். மூன்றாவது, யூனிக்ஸ் இயங்குதளம் கற்பவர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதிய குறிப்பில் இருந்தது. அதைப் படித்த மாணவர் ஒருவர் என்னிடம், “இறுதி வகை என்றால் முதல் வகை எது ஐயா?” என்று கேட்டார். அவருடைய கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

‘டெர்மினல்’ என்ற சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘டெர்மினஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல். ரோமானியர்கள் எல்லைக்கல்லுக்கு அதே பெயரில் ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள். எல்லை என்ற பொருளிலிருந்து ‘கடைசி’ என்ற பொருள் கிளைத்தது; மருத்துவர்கள் இறுதிநிலை நோய் என்பது அந்தக் கிளை. கம்பி வந்து சேரும் நுனி என்பது இன்னொரு கிளை. கணினிக்கு உரியது இரண்டாவதுதான். கம்பியின் மறுநுனியில், மனிதர் அமர்ந்து தட்டச்சிடும் கருவி.

அதற்கு ‘முனையம்’ என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. நிலை நிலையம் ஆனது போல, இணை இணையம் ஆனது போல, முனை முனையம் ஆயிற்று. தெருமுனை, போர்முனை, குமரிமுனை என்று எதை எடுத்தாலும், அங்கே ஒன்று இன்னொன்றை எதிர்கொள்கிறது. மனிதரும் கணினியும் எதிர்கொள்ளும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘இறுதி’யை இத்துடன் விட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் ‘அறியப்படாத முனையம்’ என்ற வழக்கில் இருக்கிறது. நன்றாகத் தமிழ் தெரிந்தவர்களே இப்படி எழுதுகிறார்கள். தமிழாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. செய்தியாகப் பார்த்தால் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பும் தொடர் இது. ‘வகை’யை உதிர்த்துவிட்டதால், அடையாளம் தெரியாத ஏதோ ஒரு கருவி கணினியில் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் படிப்பவர் நினைக்கிறார். இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி நுழைகிறார், கடவுச்சொல்லை மாற்றுகிறார். முனையமோ நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பிழைச்செய்தியை அவருக்குக் காட்டியதே அதுதான்!

இல்லாமல் போனது எது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1970களில் ஒவ்வொரு நிறுவனத்தின் முனையமும் ஒவ்வொரு விதமாக ஆணை கேட்டது. 1978இல் வந்த வி.டி.100 முனையத்தில் திரையைத் துடைக்க ‘எஸ்கேப்’ எழுத்தில் தொடங்கும் ஒரு தொடரை அனுப்ப வேண்டும். ஏ.டி.எம்.-3ஏ முனையத்துக்குக் கன்ட்ரோல்-இசட் என்ற ஒற்றை எழுத்தே போதும். ‘வி.ஐ.’ என்ற உரைத் தொகுப்பானை எழுதிய பில் ஜாய், இந்த வேறுபாடுகளை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் விவரித்து வைக்கும் ‘டெர்ம்கேப்’ என்ற ஏற்பாட்டைச் செய்தார். பின்னர் ‘டெர்ம்இன்ஃபோ’ என்ற தரவுத்தளம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் நிரல்கள் ‘டெர்ம்’ (TERM) என்ற சூழல் மாறியில், அதாவது நிரல்கள் பார்ப்பதற்காக வைக்கப்படும் மதிப்பில், இருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயருக்கான விவரிப்பைத் தரவுத்தளத்தில் தேடுகின்றன. கர்சரை நகர்த்துவது எப்படி, நிறங்கள் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த விவரிப்புதான் வரையறை. பெயர் வந்து சேர்ந்திருக்கிறது, அதற்குரிய வரையறை அந்தக் கணினியில் இல்லை. செய்தி சொல்வது இவ்வளவுதான்.

‘அறியப்படாத’ என்பதும் ‘வரையறை இல்லாத’ என்பதும் ஒன்றுதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒன்றே இல்லை, தரவுத்தளமே இதற்குச் சான்று. அதில் ‘அன்னோன்’ என்ற பெயரிலேயே ஒரு வகை வரையறுக்கப்பட்டிருக்கிறது! முனையம் எதுவென்று தெரியாதபோது இடுவதற்கான பொதுப்பெயர் அது. அந்தப் பெயரை மாறியில் வைத்துவிட்டு திரையைத் துடைக்கும் ‘கிளியர்’ கட்டளையை இட்டால், இன்னும் குறிப்பாகச் சொல் என்று, இந்தத் தரவுத்தளத்தைப் படித்துத் தரும் என்கர்சஸ் என்ற நிரல் நூலகம் கேட்கும். வாயில் வந்த பெயரை வைத்து இட்டால்தான் நம் பழைய பிழைச்செய்தி வரும். முன்னது அறியப்படாத வகை, பின்னது வரையறை இல்லாத வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்கும் மொழிபெயர்ப்பாளர் இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்லவே வழியில்லாமல் செய்துவிடுகிறார். ஆங்கிலச் செய்தியை எழுதியவர் சொல்லில் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக நாமும் அப்படி இருக்க வேண்டியதில்லை. வி.ஐ.யின் வழிவந்த விம் தொகுப்பான், முனையத்துக்கான பதிவு டெர்ம்இன்ஃபோவில் இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது.

சொல் சரியானால் தீர்வும் தெரிந்துவிடும். வரையறை இல்லையா, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்: நம் கணினியில் ‘இன்ஃபோகம்ப்’ கட்டளையால் விவரிப்பை எடுத்து, அங்கே ‘டிக்’ கட்டளையிடம் கொடுத்தால், வீட்டு அடைவுக்குள்ளேயே பதிந்துவிடும். அவசரத்துக்கு டெர்ம் மாறியில் ‘எக்ஸ்டெர்ம்-256கலர்’ என்றோ ‘வி.டி.100’ என்றோ வைத்துக்கொள்ளலாம். அதைத் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பது மட்டும் வேண்டாம். எந்த முனையத்திலிருந்து நுழைந்தாலும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: மாறியில் ‘எக்ஸ்டெர்ம்-கிட்டி’ என்ற பெயர் இருந்தால், “‘எக்ஸ்டெர்ம்-கிட்டி’ என்ற முனைய வகைக்கு இந்தக் கணினியில் வரையறை இல்லை.” ஆங்கிலத்தைவிட நீளம்தான். மூலத்தில் எத்தனை சொற்களோ தமிழிலும் அத்தனையே இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கத்தால்தான் ‘இறுதி வகை’கள் பிறக்கின்றன. டெர்ம் மாறியைத் ‘தவணை மாறி’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அது டெர்மினல் என்பதன் சுருக்கம் என்று கையேட்டில் ஒரு வரி தள்ளிப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ‘டம்ப்’ (dumb) என்ற முனைய வகையை ‘ஊமை முனையம்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அது எழுத்துகளை ஒழுங்காக அச்சிடுகிறது, மணிகூட அடிக்கிறது. கர்சரை விரும்பிய இடத்துக்கு நகர்த்தவும் திரையைத் துடைக்கவும் மட்டும் அதற்கு வழியில்லை. பேச இயலாத மனிதரைக் குறித்த ஒரு சொல்லை, வசதி குறைந்த கருவிக்கு ஒட்டுவது பொருளாலும் பிழை, பண்பாலும் பிழை. ‘எளிய முனையம்’ என்று எழுதுங்கள்.