மேல்சுழற்சியும் சக்கையும்

பழச்சாறு ஆலைகளில் மிஞ்சுவதிலிருந்து புதுப்பொருள் செய்வது பற்றி எந்தக் கருத்தரங்கு அழைப்பிதழைப் பிரித்தாலும் ‘பழக்கழிவு மேல்சுழற்சி’ என்றே அச்சாகி வருகிறது. முதல்முறை பார்த்தவருக்கு வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வரும். வங்கக் கடலில் மேலடுக்குச் சுழற்சி, அடுத்த இரு நாள்களுக்கு மழை!

ஆங்கிலத்தில் இது அப்சைக்கிளிங். வயது அதிகமில்லை. 1994-ல் ரைனர் பில்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ‘சால்வோ’ என்னும் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், இடித்த கட்டடத்தின் செங்கல்லை நொறுக்கித் தூளாக்குவதைப் போய் ரீசைக்கிளிங் என்கிறார்களே, அது டவுன்சைக்கிளிங் (மதிப்பைக் கீழே இறக்குவது), நமக்கு வேண்டியது அப்சைக்கிளிங் (மதிப்பை மேலே ஏற்றுவது) என்று குத்தலாகச் சொன்னார். அங்கிருந்து பரவிய சொல். ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் இதே பொருளில் வேலரைசேஷன் என்பார்கள். அதன் பூர்வீகம் பிரேசில் காப்பி. 1906-ல் அந்நாட்டின் மூன்று மாநிலங்கள், விலை சரியாமல் இருக்கக் காப்பி மூட்டைகளை அரசே வாங்கி இருப்பு வைப்பதென்று தௌபாத்தே நகரில் ஒப்பந்தம் போட்டன. அந்த விலைதாங்கும் திட்டத்தின் போர்த்துகீசியப் பெயர்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பிறகு குப்பைமேட்டுக்கும் வந்து சேர்ந்தது. பிறப்பு வரலாறு இவ்வளவு போதும். நம் வழக்கு தமிழ்ச் சொல்லோடு.

சுழற்சி என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். உடைந்த கண்ணாடிப் புட்டி உருகி மறுபடி புட்டியாகிறது, பழைய இரும்பு மறுபடி கம்பியாகிறது. அங்கே மறுசுழற்சி என்பது பொருந்துகிறது, யாருக்கும் புரிகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூழ் டப்பாவுக்குள் போய்விடும். தோலும் கொட்டையும் வெளியே வரும். ரகத்துக்கு ரகம் மாறினாலும், பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இவைதான். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. ஸ்டியரிக் அமிலமும் ஒலீயிக் அமிலமும் மிகுந்த இந்தக் கொழுப்பு கொக்கோ வெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுச் சாக்லேட் விதிகள், கொக்கோ வெண்ணெயோடு சேர்த்து 5 விழுக்காடு வரை கலக்கலாம் என்று அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. சரி, இதில் எது சுழன்றது? மாங்கொட்டை சாக்லேட்டுக்குள் போனது. மறுபடி மாங்கொட்டையாக வரவில்லை. போனது போனதுதான்.

அடுத்தது அந்த ‘மேல்’. தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் மேல் வந்தால் அதே வகையில் இன்னொரு படி, அல்லது அதற்கும் கூடுதல் என்று பொருள். மேல்படிப்பும் படிப்புதான், மேல்முறையீடும் முறையீடுதான், மேல்வரும்படியும் (அது எப்படிப்பட்டதென்று கேட்காதீர்கள்) வரும்படிதான். அந்தக் கணக்கில் மேல்சுழற்சி என்றால் ஒருமுறை சுழன்றதை இன்னொருமுறை சுழற்றுவது. மேற்கிலிருந்து வீசுவதை மேல்காற்று என்று சொல்லும் உழவரைக் கேட்டால் மேற்கே சுழல்வது என்றுகூடச் சொல்லக்கூடும். மதிப்பு கூடுகிறது என்ற கருத்து இந்தச் சொல்லின் எந்த மூலையிலும் இல்லை. ஆங்கிலத்தில் அது எங்கே இருக்கிறது? டவுன் என்ற குத்தலுக்கு எதிராக அப் என்று சொன்னதில் இருக்கிறது. சிலேடை. சிலேடையைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் துண்டுகள்தான் வரும். ‘மறுசுழற்சிக்கு இணையாக வேண்டாமா’ என்று கேட்பவர்கள், அப்படியானால் கீழ்ச்சுழற்சியையும் புழக்கத்தில் விட்டுக் காட்டட்டும். ‘உயர்சுழற்சி’ என்று திருத்தியவர்களும் உண்டு. நோயை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது முன்பாதிதான்: பழக்கழிவு. அமெரிக்காவில் 2019-ல் அப்சைக்கிள்டு ஃபுட் அசோசியேஷன் என்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். சாறு பிழிந்த சக்கையில் மாவும், மிஞ்சிய பழத்தில் தின்பண்டமும் செய்து விற்பவர்கள் உறையின்மேல் ‘வேஸ்ட்’ என்று போட முடியுமா? அந்தச் சொல்லைத் தவிர்க்க வசதியாக இருந்ததால்தான் அப்சைக்கிள்டு என்பதை அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கும்போது, அவர்கள் பாடுபட்டு ஒழித்ததைத் தேடி எடுத்து முதல் சொல்லாக வைக்கிறார். கழி என்ற வினையில் தவறில்லை. கழித்தல் கணக்கில் இருக்கிறது, புத்தகக் கடைக்காரர் பத்து விழுக்காடு கழிவு தருகிறார். ஆனால் இன்று கழிவு என்றதும் கூடவே வருபவை கழிவுநீரும் கழிவறையும் மருத்துவக் கழிவும். ‘கழிவிலிருந்து செய்த பிஸ்கட்’ என்றால் யார் வீட்டில் டப்பாவைத் திறப்பார்கள்?

இத்தனைக்கும் பிழிந்தபின், ஆட்டியபின், புடைத்தபின் மிஞ்சுவதற்குத் தமிழில் உள்ள சொற்களுக்குக் கணக்கில்லை. எள்ளை ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. அதை எள் கழிவு என்று சொல்லிச் செக்கடியில் நிற்க முடியுமா? நெல்லில் மிஞ்சுவது உமி, தவிடு. தவிட்டில் எண்ணெய் எடுத்தபோது தவிட்டெண்ணெய் என்றுதான் சொன்னோம், நெற்கழிவு எண்ணெய் என்று எந்தக் கடைக்காரரும் எழுதி வைக்கவில்லை. கரும்பைப் பிழிந்தால் சக்கை. நாலடியார் அதைத் துரும்பு என்கிறது: கரும்பாட்டி வெல்லக்கட்டியை எடுத்துக்கொண்டவர்கள், பிறகு துரும்பு எரிந்துபோவதைப் பார்த்து வருந்த மாட்டார்களாம். இன்றைய சர்க்கரை ஆலையில் அந்தத் துரும்பை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். புளியைக் கரைத்தால் கோது, சில வீடுகளில் திப்பி. யாழ்ப்பாணத்தில் கோது என்பது ஓட்டுக்கு, முட்டைக்கோது என்பார்கள்.

சொல் இல்லாத குறையா இது? பாடநூல் எழுதுகிறவருக்கு ஊர்ச்சொல் காதில் விழாத குறை. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் உதிரும் தூளை வேளாண் நூல்கள் ‘தென்னை நார்க்கழிவு’ என்று பெயரிட்டன. அது செடி வளர்க்கும் ஊடகமாகக் கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது, பொள்ளாச்சிப் பக்கம் பித் என்றே விற்கிறார்கள். நூலில் இன்னும் கழிவு. சர்க்கரை ஆலையின் மொலாசஸ் ‘கழிவுப்பாகு’ ஆனதும் இப்படித்தான். சாராய ஆலைகள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு அது. வாங்குபவன் இருக்கிற பொருளைக் கழிவு என்று எந்த வணிகனும் சொல்ல மாட்டான். மொழிபெயர்ப்பாளர் மட்டும் சொல்வார்.

சரி, என்னதான் சொல்வது? ‘மதிப்புக்கூட்டல்’ என்பார்கள் சிலர். நல்ல சொல், மதிப்புக்கூட்டு வரி வந்த நாளிலிருந்து ஊருக்கே பழக்கம். ஆனால் மாம்பழத்தைக் கூழாக்குவதும் மதிப்புக்கூட்டல்தான், மாங்காயை ஊறுகாய் போடுவதும் அதுதான். கூழ் எடுத்தபின் கிடக்கும் கொட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று அது காட்டாது. ஆகவே பழத்துக்குச் சக்கை என்றே தொடங்கலாம். ஆப்பிளைப் பிழிந்த சக்கையிலிருந்தும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் பெக்டின் எடுக்கிறார்கள். 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கொனோ, உறைவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்ட பொருள் அது. ஜாம் கெட்டியாவது அதனால்தான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து லிமோனீன் என்னும் வாசனைப் பொருள் வருகிறது, காய்ந்த தோலும் சக்கையும் மாட்டுத் தீவனமாகின்றன. இதையெல்லாம் சேர்த்துச் சொல்லத் தலைப்பு வேண்டுமென்றால் ‘பழச்சக்கைப் பயனாக்கம்’ போதும். கொட்டை, தோல் என்று தனியாகத் தெரிந்தால் அதையே சொல்லுங்கள்: மாங்கொட்டைப் பயனாக்கம்.

தலைப்பைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயர்ச்சொல்லும் தேவையில்லை. ‘மாங்கொட்டைக் கழிவின் மேல்சுழற்சி மூலமான கொழுப்புப் பிரித்தெடுப்புச் செயல்முறை’ என்று எழுதுகிறவர் வாயால் பேசும்போது ‘மாங்கொட்டையிலிருந்து கொழுப்பு எடுக்கிறார்கள்’ என்றுதானே சொல்வார்? அதை எழுதினால் என்ன? தமிழ் வினையில் நடக்கிற மொழி. இவர்கள் அதன் காலைக் கட்டிவிட்டுப் பெயர்ச்சொற்களை வண்டியாகப் பூட்டுகிறார்கள்.

சக்கை என்பதும் இழிந்த சொல்தானே, ‘சாரமில்லாத சக்கை’ என்கிறோமே என்று ஒரு மறுப்பு வரும். உண்மைதான். ஆனால் சாரம் போன சக்கை என்று சொல்லிவிட்டு அதிலிருந்து இன்னொரு சாரம் எடுக்கிறோம் என்னும்போது பேச்சில் ஒரு சுவை இருக்கிறது. கழிவிலிருந்து எடுக்கிறோம் என்றால் குமட்டல்தான். தவிர, சக்கைப்போடு போடுகிறது என்று படத்துக்குக் கூட்டம் சேர்க்கிற மொழி இது.

சிக்கல் குமரி மாவட்டத்தில்தான். அங்கே சக்கை என்றால் பலாப்பழம். மலையாளச் சக்கதான் போர்த்துகீசியர் வாயில் ஜாக்காவாகி ஆங்கில ஜாக்ஃப்ரூட் ஆனது. நாகர்கோவிலில் பழச்சக்கைப் பயனாக்கப் பயிற்சி என்று பலகை வைத்தால் சக்கை வறுவல் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த ஊர்ப் பலகையில் மட்டும் பழக்கோது என்று எழுதிக்கொள்ளலாம்.