ஒரே கவளம், இரண்டு வழிகள்

ஏற்காட்டில் வாங்கிச் சாப்பிடும் கமலா ஆரஞ்சு பல்லுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டுமே சரியான பதில்தான். சுளையைக் கடித்த நொடியில் அதிலுள்ள சிட்ரிக் அமிலம் பல்லின் மேற்பரப்பைத் தொட்டு, அங்கிருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் இளக்கிவிடுகிறது. அதே சுளை வயிற்றுக்குள் போய்ச் செரித்ததும் வைட்டமின் சி இரத்தத்தில் கலந்து ஈறுக்கு வந்து சேர்கிறது. அங்கே அது பார்ப்பது பழுதுபார்க்கும் வேலை. நாம் உண்ணும் எதுவும் வாயை இப்படி இரண்டு வழிகளில்தான் தொடுகிறது: வெளியிலிருந்து நேராக ஒன்று, உள்ளே போய் இரத்தத்தின் வழியாக இன்னொன்று. எந்தச் சத்து எந்த வழியில் வேலை செய்கிறது என்பது தெரியாததால்தான், சொத்தைப் பல்லோடு வரும் பெரியவரிடம் “நிறைய பால் குடிங்க” என்று அக்கறையாகச் சொல்லி அனுப்புகிறோம்.

பால் ஏன் அங்கே உதவாது? பல்லின் வெள்ளை ஓடான எனாமல், எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டது. உடம்பிலேயே கடினமான பொருள் இதுதான். ஆனால் அதற்குள் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது, இரத்தக்குழாயும் கிடையாது. எனாமலைக் கட்டிய செல்கள், பல் ஈறைத் தாண்டி வெளியே முளைக்கும்போதே அழிந்துபோகின்றன. முறிந்த எலும்பு கூடும்; உடைந்த எனாமல் கூடாது. நாற்பது வயதில் குடிக்கும் பாலின் கால்சியம் தாடை எலும்புக்குப் போகும், அதுவும் முக்கியம்தான். எனாமலுக்கு இரத்தத்தின் வழியாகப் போய்ச் சேர முடியாது.

அந்த உள்வழி திறந்திருந்த காலம் ஒன்று உண்டு. பால் பற்களில் தாது படியத் தொடங்குவது தாயின் வயிற்றில் நான்காம் மாதவாக்கில். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் அது குழந்தை பிறக்கும் சமயத்தில் தொடங்குகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்ற நிரந்தரப் பற்களின் எனாமல் கிட்டத்தட்ட 8 வயதுக்குள் கட்டி முடிந்துவிடும். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, புரதம் ஆகியவை எனாமலுக்கு வேண்டியது இந்தச் சில ஆண்டுகளில்தான். இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பாலில் 120 மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகில் உள்ள பைடிக் அமிலம் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் ஊறவைத்து முளைகட்டினாலோ, மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினாலோ அந்தப் பிடி தளரும். கர்ப்பிணிகளின் பல்லிலிருந்து குழந்தை கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்வதில் உண்மை இல்லை. அப்படி எடுக்கப்பட்டால் அது எலும்பிலிருந்துதான். அந்த மாதங்களில் ஈறு வீங்கி இரத்தம் வருவதற்குக் காரணம் ஹார்மோன் மாற்றமும் பல்லில் படியும் அழுக்குப் படலமும். வாந்தியில் வரும் அமிலம் பல்லை அரிப்பது தனிக் கதை.

சரி, பல் முளைத்த பிறகு? அதற்கு மிச்சமிருப்பது வெளிவழி மட்டும். இங்கேதான் பெரும்பாலான பற்கள் பறிபோகின்றன.

பல்லின் மேல் எப்போதும் பாக்டீரியாப் படலம் ஒன்று படிந்திருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை அதில் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, படலத்தின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) எப்படி மாறுகிறது என்று 1940-களில் அளந்து காட்டினார். சில நிமிடங்களில் அது சடாரென்று இறங்குகிறது. ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். திரும்பக் கொண்டுவருவது உமிழ்நீர். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது. அதிலேயே கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் இழந்த இடத்தில் மறுபடி படிகின்றன. முளைத்த பல்லுக்குத் தாது ஊட்டுவது இந்த உமிழ்நீர்தான்.

ஆகவே கணக்கில் கொள்ள வேண்டியது இனிப்பின் அளவோடு, எத்தனை தடவை என்பதும். ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்பவருக்கு ஒரு முறை அமிலம் ஏறி இறங்குகிறது. காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சுபவருக்கு, உமிழ்நீர் ஒரு சுற்றுப் பழுது பார்த்து முடிப்பதற்குள் அடுத்த அமிலம் வந்துவிடுகிறது. சுவீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது: உணவோடு உண்ட சர்க்கரையைவிட, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் டாபிதான் பல்லை மிக மோசமாகச் சொத்தையாக்கியது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து நடத்திய ஆய்வு அது, செய்திருக்கவே கூடாதது. அவர்கள் இழந்த பற்களின் விலையில் கிடைத்த அறிவு என்பதால், அதை நாம் அலட்சியம் செய்வது இன்னும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

‘எங்கள் பிள்ளை மிட்டாயே தொடுவதில்லை’ என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேலம் ஜவ்வரிசிக்குப் பேர்போன மாவட்டம். மரவள்ளி சிப்ஸ் இல்லாத தெருமுனை இங்கே அபூர்வம். மரவள்ளியில் தண்ணீர் போக மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகவைத்த அல்லது பொரித்த மாவுச்சத்தை உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி வாயிலேயே உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்கிவிடும். ஜவ்வரிசி வடகத்தை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிப்புத் தட்டுவது அதனால்தான். டாபியாவது எச்சிலில் கரைந்து போய்விடும். சிப்ஸ் கூழாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு, பாக்டீரியாவுக்கு நெடுநேரம் தீனி போடும். மாலையில் தட்டுவடை செட் ஒன்றை உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவதில் பெரிய கெடுதல் இல்லை. டிவி முன்னால் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கொறிப்பதுதான் ஆபத்து. கொறிக்கத்தான் வேண்டுமென்றால் வேர்க்கடலை மேல்: சர்க்கரை குறைவு, மென்று தின்னும்போது உமிழ்நீரும் ஊறும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், படுக்கப் போகும் முன் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

ஈறு முற்றிலும் வேறு ஜாதி. உயிருள்ள திசு, இரத்தம் நிறைந்தது, நாளும் புதுப்பிக்கப்படுவது. பல்லைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருப்பவை கொலாஜன் இழைகள். உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் கொலாஜன்களில் அவையும் சேரும். கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய புரதம். அந்த முறுக்கு அவிழாமல் நிற்க, அதிலுள்ள புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்களோடு, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி சேர வேண்டும். அதைச் சேர்க்கும் நொதிகளில் இரும்பு அணு ஒன்று உண்டு. அது வேலைக்கேற்ற நிலையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது வைட்டமின் சி. அது தீர்ந்தால் புதிதாக நெய்யும் இழைகள் தளர்ந்துபோகும். பழைய இழைகள் கழிவதோ நிற்பதில்லை. ஈறு வீங்கி இரத்தம் கசியும். முற்றினால் சொத்தையே இல்லாத பல்லும் ஆடும். நெடும்பயணக் கப்பல் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இதுதான். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தாம் சில நாளில் எழுந்து நடமாடினார்கள்.

ஆடு, மாடு, நாய் எல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அதற்கான மரபணு பழுதடைந்துவிட்டது. தின்றுதான் ஆக வேண்டும். மலையில் விளையும் கொய்யாவில் ஒன்று போதும்: 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒருவரின் ஒரு நாள் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆரஞ்சைவிடப் பல மடங்கு, புளிப்பும் குறைவு. பச்சையாகத் தின்ன வேண்டும். சூடு வைட்டமினை அழிக்கும். ஆனால் ஈறில் இரத்தம் வருகிற எல்லோருக்கும் வைட்டமின் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் காரணம் பல்லிடுக்கில் படிந்த காரைதான். அதை எந்தப் பழமும் கரைக்காது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

இரண்டு வழிகளும் மோதிக்கொள்ளும் இடம் நம் ஊர்த் தண்ணீர். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்வெல் தண்ணீரில் கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய தர அளவு. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடிக்கும் சிறு பிள்ளைகளுக்கு, உருவாகிக்கொண்டிருக்கும் எனாமல் நுண்துளைகளோடு அமைந்து, முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக வருகிறது. பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை அது. அதற்காகப் பிள்ளையைத் திட்டுவது கொடுமை. இது உள்வழி. அதே ஃபுளோரைடு முளைத்த பல்லை வெளியிலிருந்து மிகச் சிறிய அளவில் தொட்டால், உமிழ்நீர் பழுது பார்க்கும்போது படிகத்தோடு சேர்ந்து அதை உறுதியாக்கும். அப்படி அமைந்த படிகம் பி.எச். 4.5 வரை தாக்குப்பிடிக்கும்.

போர்வெல் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் அதைச் சோதித்துவிடுவது நல்லது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றி இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. கருவி குறைக்கும், காவிரித் தண்ணீர் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம். பாலும் கேழ்வரகும் இங்கே வேறொரு வேலையும் செய்கின்றன: குடலில் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு, அது இரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கிறது. பற்பசையை 3 வயதுக்குக் கீழே அரிசி மணி அளவும், அதற்கு மேல் பட்டாணி அளவும் பெரியவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். பிள்ளை அதை விழுங்காமல் துப்பும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.