'கதிரியக்க அறுவை' வேண்டாம்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மூளையில் கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி திருவனந்தபுரத்துக்குத்தான் போகும். அங்கே 'ரேடியோசர்ஜரி' என்று கேட்டுவிட்டு வருகிறவர்களின் கையில் இருக்கும் தமிழ்த்தாள் 'கதிரியக்க அறுவை சிகிச்சை' என்கிறது. படித்தவுடன் வீட்டில் வருகிற முதல் கேள்வி: "தலையைக் கீறணுமா மக்களே?"

கீறவே வேண்டாம். வெளியிலிருந்து மூளையில் நோயுள்ள இடத்துக்குக் கதிரைப் பாய்ச்சுவதுதான் இது. தலை அசையாமலிருக்க, மரத்துப்போக ஊசி போட்டு, நாலு திருகால் ஒரு சட்டத்தை மண்டையோட்டோடு இறுக்குவார்கள். சில கருவிகளில் அதுவும் இல்லை, முகமூடி போதும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ரேடியோ'வின் வேர் லத்தீன் 'ரேடியஸ்': சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர். 'சர்ஜரி' கிரேக்கத்தில் கைவேலை என்பதிலிருந்து வந்தது. இரண்டையும் இணைத்து 1951இல் பெயர் வைத்தவர் சுவீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். கத்தி செய்யும் வேலையை ஒரே அமர்வில் கதிரால் முடிப்பது அவர் எண்ணம். அவருக்கு அந்தப் பெயர் சரி. ஆனால் கிரேக்க வேரில் அறுப்பது என்ற பொருளே கிடையாது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது நம் 'அறுவை'.

'கதிரியக்கம்' அதைவிடத் தவறு. அது சில தனிமங்கள் தாமாகவே கதிரை உமிழும் குணம். இந்தச் சிகிச்சைக்கான கருவிகளில் ஒன்றான காமா நைஃபில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது உண்மைதான். இன்னொரு கருவியான நேரியல் முடுக்கியிலோ (லீனியர் ஆக்சிலரேட்டர்) கதிரியக்கப் பொருளே இல்லை, மின்சாரத்தால் எக்ஸ் கதிர் உண்டாக்குகிறார்கள். எந்தக் கருவியானாலும் சிகிச்சை முடிந்தபின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. இந்தச் சொல்லை நம்பி, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடலாமா என்று தாத்தாவைத் தள்ளி உட்கார வைக்கிறார்கள். மனசு ஆறவில்லை.

இந்தச் சிகிச்சை தேவைப்படும் நோய்களில் ஒன்று, தமனியும் சிரையும் நடுவே நுண்குழாய் இல்லாமல் நேராகப் பின்னிக்கொண்ட முடிச்சு. தமனியின் அழுத்தம் அப்படியே சிரைக்குள் பாய்வதால் என்றைக்காவது வெடித்து ரத்தம் கசியலாம். இதைக் 'கட்டி' என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளரும் உண்டு. கட்டி, கதிர் என்று இரண்டும் சேர்ந்தால் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அப்புறம் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இது புற்றே அல்ல. 'ரத்தக்குழாய்ப் பின்னல்' என்றால் என்ன குறை?

'அறுவை' என்ற சொல்லின் பெரிய கெடுதல் வேறு. அறுத்தால் அன்றைக்கே தீர்ந்தது என்று நம் மனசு கணக்குப் போடும். இங்கே கதிர் பட்ட குழாயின் உட்சுவர் மெதுவாகத் தடித்து அடைபட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முழுக்க அடையும் வரை ரத்தக்கசிவு அபாயம் இருந்துகொண்டேதான் இருக்கும். 'அறுவை முடிந்தது' என்று நம்பி ஸ்கேனுக்குப் போகாமல் விடுகிறவருக்கு இந்தச் சொல் உயிர்ப்பிரச்சினை.

நான் சொல்வது 'குவிகதிர் சிகிச்சை'. காமா நைஃபில் சுமார் 200 மெல்லிய கதிர்கள் கிளம்பி, ஆரக்கால்கள் வண்டிக்குடத்தில் கூடுவதுபோல் ஒரே இடத்தில் கூடுகின்றன. தனிக் கதிர் வழியிலுள்ள மூளையை அதிகம் தொடாது, கூடுமிடத்தில்தான் வீரியம். சாதாரணக் கதிர்சிகிச்சை பல நாளுக்குப் பிரித்துக் கொடுப்பது. இது பெரும்பாலும் ஒரே அமர்வு. அந்த வேறுபாட்டைக் 'குவி' தாங்குகிறது. பள்ளியில் குவிலென்ஸ் படித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. 'சிகிச்சை' வடசொல்லாயிற்றே என்பவர்கள் 'குவிகதிர் மருத்துவம்' என்று சொல்லட்டும், எனக்கு மறுப்பில்லை. தூய தமிழ் என்பதற்காக 'அறுவை'யை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. தமிழாக இருந்தும் அது நோயாளியிடம் பொய் சொல்கிறது. தாள் அச்சடிக்கிறவர்கள் 'குவிகதிர் சிகிச்சை' என்று தலைப்பிட்டு, அடுத்த வரியிலேயே 'ரத்தக்குழாய்ப் பின்னல் முழுக்க அடைபட இரண்டு மூன்று ஆண்டு ஆகும், ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்' என்று போடட்டும்.